காகிதம் உரிக்காத போர்வை

கல்யாணமாகிப் போன பெண், தவக்காலத்தின் நடுவில், கையில் ஒரு துணிப்பையோடு தனியாக வந்து இறங்கினால் ஊர் என்ன பேசும் என்று ராஜமேரிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் இறங்கினாள். கடத்தூரிலிருந்து வரும் மத்தியான பஸ் எங்கள் ஊரில் கோயில் வாசலில்தான் நிற்கும். கோயில் மணியடிக்கிறவர் முதல் டீக்கடையில் பீடிக்கு நெருப்புக் கேட்டுக்கொண்டிருந்தவர் வரை எல்லாரும் பார்த்தார்கள். "என்ன கண்ணு, மாப்ள வர்லீங்களா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வேலைங்க" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். அது வெயிலுக்குப் போட்ட முக்காடு இல்லை என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அம்மா லூர்து மேரி வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். மாசி, பங்குனி வந்தால் எங்கள் பக்கத்தில் எந்த வாசலிலும் இந்த வேலைதான். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம், நார் எடுத்த புளி ஒரு பக்கமாகக் கிடக்கும். லூர்து மேரி தையற்காரி. ஆனாலும் தவக்காலத்தில் யாரும் புதுத்துணி தைக்க வரமாட்டார்கள். மிஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டுச் சுத்தியலைக் கையில் எடுத்திருந்தாள்.

"ஏங்கண்ணு, நீ மட்டும் வர்ற?"

"சும்மாதாம்மா. உன்னப் பாக்கணும்னு இருந்துச்சு."

சும்மா பார்க்க வருகிறவள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொடுத்த துணியில் பாதியைச் சுருட்டிக்கொண்டு வருவாளா? லூர்து மேரி பையைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு ஆகவே ஆகாத காரியம். அன்று சாயங்காலம் களி கிண்டி, கீரை கடைந்து, தட்டில் போட்டு வைத்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

"அடிச்சாங்களா?"

"இல்லம்மா."

"சீரு பத்தலேன்னாங்களா?"

"அதெல்லாம் இல்ல. அத்த என்னத் தங்கமா பாத்துக்கறாங்க."

"அப்பறம் மாப்ள?"

ராஜமேரி களி உருண்டையில் குழி பண்ணிக்கொண்டே இருந்தாள். கீரையை ஊற்றவில்லை. "கேக்காதம்மா" என்றாள். முகம் சிவந்துபோய், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அம்மா, அப்பா இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவப் போனாள். அவள் அப்பா யாகப்பன் பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர். வாயைத் திறந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என்கிற மாதிரி வாழ்கிற மனுஷன். அவர் மனைவியைப் பார்த்து, விட்டுவிடு என்று கையைக் காட்டினார்.

நடந்தது என்ன என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் கட்டில் போர்வையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் கன்னியர் மடத்தில் ஒரு சிஸ்டர் பெங்களூரில் போய்ப் படித்துவிட்டு வந்து, தையல் தெரிந்த பெண்களுக்குப் புதுத் தினுசாக ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுத்தார். துணியைக் காகிதத்தின் மேல் வைத்துத் தைக்கிற வித்தை அது. காகிதத்தில் பென்சிலால் நட்சத்திரமோ தாமரையோ கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பர் எழுதிக்கொள்ள வேண்டும். துணித்துண்டைக் காகிதத்துக்குப் பின்பக்கம் வைத்துக்கொண்டு, முன்பக்கத்துக் கோட்டின் மேலேயே மிஷினை ஓட்ட வேண்டும். தைத்ததும் துணியை மடித்துத் திருப்பி நகத்தால் நீவிவிட்டு, அடுத்த நம்பருக்கு அடுத்த துண்டு. சும்மா வெட்டித் தைத்தால் கோணிக்கொள்கிற நட்சத்திர முனைகூட இதில் கூராக வந்து நிற்கும். எல்லாக் கட்டத்தையும் இணைத்த பிறகு, பின்னால் இருக்கும் காகிதத்தைத் தையல் ஓரமாகக் கிழித்து உரித்துவிட வேண்டும். அப்புறம் உள்ளே பழைய புடவைகளை மடித்து வைத்து, காடாத் துணியை அடியில் கொடுத்து மூடவேண்டும்.

மற்ற பெண்கள் தலையணை உறை அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். லூர்து மேரிதான் மகள் கல்யாணத்துக்கு ரெட்டைக் கட்டிலுக்குக் காணுகிற போர்வையே தைத்துவிடுவது என்று கிளம்பினாள். அவளுக்கு அப்படித்தான். ஒரு காரியத்தைச் செய்தால் நாலு பேர் வாயைப் பிளக்க வேண்டும். கடத்தூரில் அப்துல் ஷுக்கூர் பாயின் தையல் கடையில் மிச்சம் விழுகிற வெட்டுத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். ஜாக்கெட் துண்டு, சட்டைத் துண்டு, பள்ளிக்கூடத்து நீலம், எல்லாம் இருந்தது. மெல்லிசுக் காகிதம்தான் வேண்டும் என்று சிஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது தீர்ந்துபோகவே, ஜவுளிக் கட்டு சுற்றி வந்த காக்கிக் காகிதத்தையும் பாயிடமே கேட்டாள்.

"இது போயி தையலுக்கு ஆவுங்களா லூர்தும்மா? பொட்டணம் மடிச்சாலே வெறச்சுக்கிட்டு நிக்குது. ஊசி மொக்கையாயிருமே" என்றார் பாய்.

"ஊசி மொக்கையானா மாத்திக்கலாம் பாய். கோடு கோணாம இருக்கணும், அதாங்க முக்கியம்."

கோடு கோணவில்லைதான். ராப்பகலாகத் தைத்தாள். முதலில் ஈஸ்டருக்கு அப்புறம் கல்யாணம் என்றுதான் பேச்சு. பிறகு மாப்பிள்ளையின் அம்மா மதலேனம்மாளுக்குப் பனியில் நெஞ்சு கட்டிக்கொண்டது. "வூட்டுல எனக்கொரு கை வேணுமுங்க சம்பந்தி, தவக்காலத்துக்கு முன்னாடியே முடிச்சுக்கலாம்" என்று ஆள் அனுப்பினாள். தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. எண்பத்தொன்பதாம் வருஷம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் தை முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைகளில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஆரம்பித்தபோது, போர்வையின் மேல்பக்கம் முடிந்திருந்தது, காகிதம் உரிக்கவில்லை.

உரித்துப் பார்த்தாள். காக்கிக் காகிதம் கிழிய மாட்டேன் என்றது. வேகமாக இழுத்தால் தையலும் கூடவே பிரிந்து வந்தது. ராஜமேரியும் உட்கார்ந்து நகம் நோக ஒரு மூலையை உரித்தாள். தையல் பிரியாமல் பார்த்துப் பார்த்து எடுத்ததில் ஒரு நாள் முழுக்கப் போய், அந்த மூலைதான் ஆனது.

"உள்ள கெடந்தா என்ன? யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?" என்றார் யாகப்பன்.

லூர்து மேரிக்கும் அந்த யோசனை இல்லாமல் இல்லை. முதல் தடவை துவைக்கும்போது ஊறிக் கரைந்துவிடும் என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டாள். இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காகிதத்தோடு விரித்தபோது போர்வை மடங்காமல் குழையாமல் கடையில் வாங்கின சாமான் போல விறைப்பாக நின்றது. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அப்படியே மூடித் தைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று சீர்க் கட்டிலில் அதை விரித்து வைத்தார்கள். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் படுக்கிற விரிப்பில் வேறு யாரும் உட்காரக் கூடாது, அதனால் யாரும் உட்காரவில்லை. பேண்டு செட்டுக்காரர்கள் காது கிழிய வாசித்துக்கொண்டிருந்தார்கள். "எம்மாங் கனமுங்க! உள்ள என்னாதாங்க வெச்சிருக்கீங்க?" என்று மாப்பிள்ளை வீட்டுப் பாலக்கோட்டுப் பெண்கள் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்துக் கேட்டார்கள். "எல்லாம் நல்ல சாமாந்தாங்க" என்று லூர்து மேரி சிரித்தாள். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவள் பொய் சொன்னதில்லை.

அந்தப் போர்வைக்கும் மகள் வந்து நிற்பதற்கும் ஒரு முடிச்சு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்து வீட்டு சவுரியப்பன் பாலக்கோட்டு மண்டிக்குத் தக்காளி வண்டி ஓட்டுகிறவன். மறுநாள் புளிக் குவியலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அவன்தான் விஷயத்தைப் போட்டான்.

"சொன்னா கோவிச்சுக்காதீங்க அக்கா. உங்க மாப்ள மரியசூசை வூட்டுல படுக்கறதில்லையாம். கூடை எறக்கி முடிச்சதும் மண்டியிலயே சாக்கு விரிச்சுப் படுத்துக்கறாரு. நானே பாத்தேன்."

"எத்தன நாளா?"

"கல்யாணமான புதுசுலருந்தே அப்படித்தான்னு பேசிக்கறாங்க. நமக்கெதுக்கு வம்பு."

வம்பைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டு அவன் நமக்கெதுக்கு என்று எழுந்து போனான். லூர்து மேரி சுத்தியலைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளைக்கு வேறு யாராவது இருப்பாளா? இல்லை, உடம்பில் கோளாறா? கோளாறை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களா? அதற்குத்தான் அவசர அவசரமாகக் கல்யாணத்தை முன்னே இழுத்தார்களா? ஒவ்வொரு கேள்வியும் அடுத்ததைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை காலை வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

ராஜமேரி ஓடிவந்து முந்தானையைப் பிடித்தாள். "போவாதம்மா. உன்ன கையெடுத்துக் கும்பிடறேன். போயி ஒண்ணுங் கேக்காத."

"அப்ப நீ சொல்லு."

"சொல்லமுடியாதும்மா. சொன்னா உனக்குத்தான்…" என்றவள் மேலே பேசாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கென்ன? எனக்கு மானம் இருக்குது, அதான் போறேன். நீங்களும் வாங்களேன்" என்று புருஷனைப் பார்த்தாள். அவர் அரிவாளைத் தீட்டுவதில் மும்முரமாக இருந்தார். "நீங்க வந்துதான் என்ன பேசப்போறீங்க" என்று அதற்கும் அவளே பதில் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

தருமபுரியில் பஸ் மாறி அவள் பாலக்கோடு போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று இருக்கும். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை ஜெபத்துக்காகத் தெருப் பெண்கள் குளித்து முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் கூடி நின்றார்கள். ஒரே வரிசையாகக் கட்டின ஓட்டு வீடுகள் அவை. இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுச்சுவர் ஓடு வரைக்கும் ஏறாது. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். மதலேனம்மாள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க வாங்க. மருமவ நல்லாருக்குதுங்களா? உள்ள வாங்க, மோரு தர்றேன்."

"உள்ள என்னத்துக்குங்க? உள்ள வெச்சுப் பேசி மூடறதுக்கு நான் வரல. எம் பொண்ணு எதுக்கு வந்து உக்காந்திருக்குது? உங்க புள்ள எதுக்கு மண்டியில போயிப் படுக்கறாரு? அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க."

மதலேனம்மாளின் முகம் சுருங்கிப்போனது. தெருவை ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அது தெருவுல பேசற பேச்சில்லீங்க சம்பந்தி. கொஞ்சம் உள்ள வாங்க, நான் எல்லாத்தையும் சொல்றேன்."

"ஏன், தெருவுல சொன்னா என்ன? கல்யாணத்த தெருவக் கூட்டித்தான பண்ணோம்? பனி, நெஞ்சுவலின்னு அவசரமா கட்டிவெச்சப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்." லூர்து மேரி அதற்கு மேல் போயிருக்க வேண்டாம். போனாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க புள்ள ஆம்பளதானா?"

வாசல்களில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி "சேசுவே" என்றாள்.

மதலேனம்மாள் உள்ளே போனாள். வரும்போது இரண்டு கையாலும் அந்தப் போர்வையை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். வடகத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கயிற்றுக் கட்டிலின் மேல் போர்வையை விரித்தாள்.

"உக்காருங்க" என்றாள்.

"இது எதுக்குங்க?"

"உக்காருங்க சம்பந்தி."

லூர்து மேரி உட்கார்ந்தாள். சரசரவென்று சத்தம் கேட்டது. திகைத்துப்போய் ஒருக்களித்தாள். மறுபடியும் அதே சத்தம், இன்னும் பலமாக. காய்ந்த சோளத்தட்டைக்குள் மாடு புகுந்தது போல இருந்தது. முக்காடு போட்ட பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் எல்லாரும். அது புதிதாகச் சிரிக்கிற சிரிப்பில்லை. பல நாளாகச் சிரித்துப் பழகின சிரிப்பு.

"மெத்தை கெடையாது. வெறும் பலகைக் கட்டிலு, இததான் விரிச்சுப் படுக்கணும்" என்றாள் மதலேனம்மாள். "நடுவுல ஒரு மூங்கித் தட்டி. அந்தப் பக்கம் நானும் என் சின்னப் புள்ளயும். சொவத்துக்கு அந்தாண்ட பக்கத்து வூட்டுக்காரங்க. மவனும் மருமவளும் திரும்பிப் படுத்தாக்கூட தெருவுக்கே கேக்கும். மறுநா கொழாயடிக்கு மருமவ தண்ணிக்குப் போனா, 'ஏம்மா, உங்கூட்டுல எலித் தொல்லையா? பொறி வேணுமா?'ன்னு கேக்கறாங்க. அது கொடத்த வெச்சிட்டு அழுதுகிட்டே வந்துச்சு. அவன் வெக்கப்பட்டுக்கிட்டு மண்டிக்குப் போனவந்தான். நானாவது வாயத் தொறந்து, இத மடிச்சு வெச்சிருங்கன்னு சொல்லியிருக்கலாம். மாமியாக்காரி அதச் சொன்னா, ராத்திரி காது வெச்சுக் கேட்டேன்னு ஆவாதுங்களா? சொல்ல வாய் வர்லீங்க."

லூர்து மேரி போர்வையைத் தடவினாள். கீழே எந்த இடத்தில் எந்தக் காகிதம் என்று அவள் விரலுக்குத் தெரியும். மகளை நினைத்தாள். குழாயடியில் குடத்தோடு நின்ற மகளை நினைத்தபோது, பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. தான் பேசின பேச்சை நினைத்தபோது அதுவும் போதாது என்றிருந்தது.

"ஒரு பிளேடு குடுங்க" என்றாள்.

"உள்ள போயிடலாம், எந்திரிங்க. நானும் சேந்து பிரிக்கறேன்."

"வேணாமுங்க. இங்கயே பிரிக்கறேன். சத்தம் எங்கருந்து வந்துச்சுன்னு எல்லாரும் பாக்கட்டும். எம் பொண்ணு மேல தப்பு ஒண்ணுமில்ல. நான் வெச்ச காயிதம்."

தெருவில் உட்கார்ந்து ஓரத் தையலை அறுத்தாள். காடாத் துணியைப் புரட்டிப் போட்டாள். உள்ளே காக்கிக் காகிதம் நம்பர் நம்பராகத் தெரிந்தது. அவள் கையெழுத்து. கோயில் மணி அடித்தும் பெண்களில் பாதிப்பேர் நகரவில்லை. எச்சிலைத் தொட்டு ஈரப்படுத்தி, தையலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கிழித்தாள். அவசரப்பட்ட இடத்தில் நட்சத்திரத்தின் முனை பிரிந்தது. பிரிந்தால் பிரியட்டும் என்று இழுத்துக் கிழித்துக்கொண்டே போனாள். மதலேனம்மாள் சொல்லாமலே எதிரில் உட்கார்ந்து மறுமுனையிலிருந்து உரிக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

வெயில் இறங்கும்போது மரியசூசை சைக்கிளில் வந்தான். சட்டையெல்லாம் தக்காளிக் கறை. மாமியார் கேட்ட கேள்வி அவனுக்கு முன்பே மண்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது என்பது அவன் சைக்கிளை நிறுத்தின விதத்திலேயே தெரிந்தது. தெருவில் யாரையும் பார்க்காமல் வந்து, காகிதக் குப்பைக்குப் பக்கத்தில் நின்றான்.

"நான் அப்பவே சொன்னனுங்க அத்தை, பிரிச்சு எடுத்துரலாம்னு. பிளேடுகூட வாங்கியாந்தேன். அவதான் ஒத்துக்கல. அம்மா கண்ணு நோகத் தெச்சது, அதுல கத்தி வெச்சா அம்மாவுக்குத் தலையெறக்கமாப் போயிரும்னா."

லூர்து மேரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "தப்பாப் பேசிட்டேன் மாப்ள" என்றாள். அவன் உள்ளே போய், காலைக் கழுவாமலேயே கதவைச் சாத்திக்கொண்டான்.

கடைசி பஸ்ஸைப் பிடித்து அவள் ஊருக்குத் திரும்பும்போது ராத்திரி ஒன்பது தாண்டிவிட்டது. ராஜமேரி வாசல் விளக்கடியில் புளிக் கொட்டையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முந்தானையில் ஒட்டியிருந்த காக்கிக் காகிதத் துணுக்குகளைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"பிரிச்சிட்டியா?"

"பிரிச்சிட்டேன் கண்ணு. இனிமே சத்தம் வராது. உதறிப் பாத்துட்டேன்."

"எங்க வெச்சுப் பிரிச்ச?"

"தெருவுல. என் தப்புன்னு எல்லாரும் பாக்கட்டும்னு."

ராஜமேரி முகத்தை மூடிக்கொண்டாள். மூடினபடியே கேட்டாள். "அதுக்கு முன்னாடி என்ன கேட்ட? உன்ன எனக்குத் தெரியும். கேக்காம இருந்திருக்க மாட்ட."

லூர்து மேரிக்கு அதைச் சொல்வதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தெருவில் அத்தனை பேர் முன்னால் சுலபமாக வந்த வார்த்தை, மகள் முன்னால் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவரு இருந்தாரா?"

"அப்ப இல்ல. அப்பறம் வந்தாரு. அவருக்குத் தெரிஞ்சிருச்சு. தெருவுக்கே தெரிஞ்சிருச்சு கண்ணு."

ராஜமேரி கத்துவாள், அழுவாள் என்று லூர்து மேரி காத்திருந்தாள். அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவி மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

"மொத பஸ்ஸுக்குப் போறேன்."

"போ கண்ணு, போ. போர்வைய நான் நல்லா மூடித் தெச்சுட்டுத்தான்…"

"போர்வைக்காகப் போவல." ராஜமேரி திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "எலின்னு சொன்னதுக்கு நான் அழுதுகிட்டு ஓடி வந்தேன். இப்ப நீ கேட்டதுக்கு அவரு எங்க ஓடுவாரு? நான் அவரு பக்கத்துல போயி நின்னாத்தான் அவரு அந்தத் தெருவுல நடக்க முடியும்."

"நானும் வர்றேன். கால்ல வுழுந்து கேட்டுக்கறேன்."

"நீ வராதம்மா." குரல் உயரவில்லை. "ஈஸ்டருக்குக்கூட வராத. நானா சொல்லியனுப்பற வரைக்கும் அந்தத் தெருவுக்கு நீ வராத."

யாகப்பன் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கூட ஏதாவது சொல்லமாட்டாரா என்று லூர்து மேரி அந்தப் பக்கம் பார்த்தாள். அவர் பாயை உதறி விரித்தார்.

"சரி கண்ணு" என்றாள்.